கை போகாத இடம்

எங்கள் படகு எஞ்சினின் ஒரு பக்கத்தை யாரும் பார்த்ததில்லை.

அது லாரிக்குச் செய்த எஞ்சின். அப்பா அதைப் பழசாக வாங்கி வந்து படகின் வயிற்றில் இறக்கியபோது, ஆயில் பில்டர் இருக்கிற பக்கம் பலகையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் நாலு விரல் இடம். திருப்பி வைக்க வழியில்லை. வைத்தால் தண்ணீருக்கடியில் விசிறியைச் சுழற்றும் தண்டு நேருக்கு வராது.

பில்டர் என்பது ஒரு டப்பா. எஞ்சினுக்குள் ஓடும் ஆயிலை வடிகட்டித் தரும். இத்தனை நாள் ஓடினால் கழற்றிப் போட்டுப் புதிது மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் ஆயில் கெட்டு எஞ்சின் இறுகிப்போகும். கரையில் இறுகினால் நஷ்டம். கடலில் இறுகினால் ஆளே இல்லை. எங்கள் ஊர்ப் படகு ஒன்று வாடைக் காற்றில் அப்படி இறுகி நின்று, இழுத்த பக்கம் போனது. போனவர்களில் ரெண்டு பேர் இலங்கை ஜெயிலிலிருந்து திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

அந்த நாலு விரல் இடத்தில் அப்பா கை போகாது. அப்பா கை துடுப்பு மாதிரி. மாமா கை போகும் என்று ஊரில் சொல்வார்கள். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவோடு அதே படகில் தொழில் செய்தவர். "பொம்பள கைடா உனக்கு" என்று கரையில் கேலி செய்வார்கள். மாமா சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வார்த்தை பதில் சொல்லிப் பார்த்ததில்லை.

எனக்கு எட்டு வயதில் மாமா துபாய்ப் பக்கம் ஒரு படகுப் பட்டறை வேலைக்குப் போனார். அப்போது எங்கள் ஊரிலும் தரங்கம்பாடியிலும் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் பேச்சில் 'உள்ளே' என்றால் கடல். அப்பா உள்ளே போயிருக்கிறார் என்றால் கடலுக்குப் போயிருக்கிறார். 'வெளியே' என்றால் அரபு நாடு. மாமா வெளியே இருக்கிறார். வீடு என்பது இந்த ரெண்டுக்கும் நடுவில் இருந்தது.

மாமா போனபிறகு பில்டர் என் வேலை ஆனது.

பெண்கள் படகில் ஏறக்கூடாது. ஏறினால் மீன் அகலும், ஆளுக்கும் ஆகாது என்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரிந்தால் படகையே கரையில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் சின்னப் பிள்ளை ஏறினால் குற்றமில்லை. பெரியவள் ஆகிற வரைக்கும் என்று கணக்கு. அதனால் அப்பா என்னைக் கூட்டிப்போவார். நான் பலகையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை அந்தச் சந்தில் விடுவேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைதான் பார்க்கும். டப்பாவைச் சுற்றிக் கயிறு போடுவேன். அப்பா மேலேயிருந்து இழுத்துக் கொஞ்சம் தளர்த்துவார். மீதியை நான் திருகுவேன். டப்பா எப்போதும் சூடாக இருக்கும். எஞ்சின் நின்று வெகுநேரம் ஆனாலும் அந்தப் பக்கம் சூடு ஆறாது. மாட்டு வயிற்றில் கை வைத்த மாதிரி.

முதல் தடவையே அங்கே வேறொன்று என் கையில் பட்டது.

டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய். அந்தக் குழாயில் ஏதோ சுற்றித் தொங்கியது. மெத்தென்று, வழுவழுப்பாக, நண்டுக்கால் மாதிரி கணுக்கணுவாக. நான் கையை இழுத்துக்கொண்டேன். அப்பா "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

அடுத்த தடவை கணுவை எண்ணினேன். ஏழு. அதற்கடுத்த தடவையும் ஏழு. நாலு வருஷம், எத்தனையோ தடவை கை விட்டிருக்கிறேன். எப்போதும் ஏழுதான். யாரும் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிற ஒன்று என் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அதற்கும் என்னைத் தெரியும் என்று நினைத்தேன். டப்பாவைத் திருகும்போது அது என் மணிக்கட்டை மெல்லத் தடவிக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு முடிந்த வருஷம் மாமாவிடமிருந்து பார்சல் வந்தது. பொறையாற்றுப் பாய் ஒருவர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். பால்பவுடர் டப்பாவுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு துண்டில் சுற்றி, கனமாக ஒரு சாமான். கூடவே ஒரு கேசட்.

அப்போதெல்லாம் வெளியே இருக்கிறவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். கேசட் வந்தால் தெருவே வந்துவிடும். பக்கத்து வீட்டு டேப்பை வாங்கி வந்து வாசலில் வைத்தோம். மாமா ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நலம் விசாரித்தார். பேர் வந்தவர்கள் டேப்பைப் பார்த்து "நல்லா இருக்கேன்யா" என்று பதில் சொன்னார்கள். பேர் வராத ஒரு அத்தை கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். அம்மா முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னாள். அன்று நாலு தடவை ஓடியது.

அந்தப் பக்கம் முடியும்போது மாமா சொன்னார்: "அடுத்த பக்கம் மச்சானுக்கு மட்டும். வீட்ல வெச்சுக் கேக்காதீங்க மச்சான். போட்ல வெச்சுக் கேளுங்க. பாப்பாவும் கூட இருக்கட்டும்."

தெருவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னடா பெரிய ராணுவ ரகசியம்" என்றார் ஒருவர். அப்பா கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

துண்டுக்குள் இருந்த சாமானை அப்பா ராத்திரி எனக்குக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டு. அதில் முழ நீளத்தில் ரெண்டு கறுப்பு ரப்பர் ஓஸ் ஏற்கெனவே மாட்டியிருந்தது. தனியாக ஒரு இரும்புத் தலை. ஒரு புது பில்டர் டப்பா. பில்டர் இருந்த இடத்தில் தட்டைத் திருக வேண்டும். ரெண்டு ஓஸையும் மேலே இழுத்து அந்தத் தலையில் மாட்ட வேண்டும். தலையை வெளிச்சத்தில், கைக்கு எட்டும் பலகையில் முடுக்கிவிட்டால் டப்பா அங்கே வந்துவிடும். அதற்குப்பிறகு யார் வேண்டுமானாலும் கழற்றலாம், மாட்டலாம்.

"இனிமே ஒன் கை வேணாம்" என்றார் அப்பா. "நாளைக்கு மட்டும்."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் முடிங்க. பொண்ணு வளந்துட்டா" என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது பாவாடையில் கறை இருந்தது.

என்னவென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்னால் அந்த நிமிஷமே என்னை உட்கார வைத்துவிடுவார்கள். தட்டை மாட்ட ஆள் இருக்காது. அப்பா அடுத்த நாள் விடிகாலை தொழிலுக்குப் போக ஆள் சொல்லியாகிவிட்டது. பழைய டப்பாவோ மாற்ற நாள் தாண்டிக் கிடந்தது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இன்னொன்றும் உண்டு. அந்தச் சந்துக்குள் கடைசியாக ஒரு தடவை கை விட வேண்டும் என்று இருந்தது. பழைய துணியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, பாவாடையை நானே துவைத்துக் கொடியில் போட்டேன். அம்மா பார்த்தாள். "என்ன இன்னிக்கு அதிசயம்" என்றாள். அவ்வளவுதான்.

உச்சிவேளையில் போனோம். படகு முகத்துவாரத்துக்கு உள்ளே ஆற்றில் கட்டிக் கிடந்தது. அந்த நேரத்தில் கரையில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஆம்பளைகள் தூங்குவார்கள். பொம்பளைகள் மீன் கூடையோடு ஊர் ஊராகப் போயிருப்பார்கள். தூரத்தில் கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. நிழல் எல்லாம் காலுக்கடியில் போய்விட்டது. அப்பா என்னைத் தூக்கிப் படகில் விட்டார். என் கால் பலகையில் பட்டதும் படகு ஒரு தடவை ஆடியது. எப்போதும் ஆடுவதுதான். அன்றைக்கு எனக்கு வேறு மாதிரி இருந்தது.

அப்பா டேப்பை எஞ்சின் மேல் வைத்துப் பித்தானை அழுத்தினார்.

மாமா பட்டறையிலேயே உட்கார்ந்து பேசியிருந்தார். பின்னால் சம்மட்டிச் சத்தம். யாரோ வேறு பாஷையில் கத்தினார்கள். அதே மாதிரி எஞ்சின் ஒன்றில் அதே வேலையைச் செய்துகொண்டே பேசினார் போலிருக்கிறது. பழைய டப்பாவைக் கழற்றச் சொன்னார். நான் சந்தில் கையை விட்டுக் கழற்றினேன். அந்தக் கணுக்கணுவானது அங்கேயே இருந்தது. ஏழு. அப்பா அந்த இரும்புத் தலையை முடுக்கப் பலகையில் ஓட்டை போட்டுவிட்டு ஸ்பேனர் ஒன்றை எடுத்தார்.

"அது இல்ல மச்சான்" என்றது டேப். "அது சின்னது. பெருச எடுங்க."

அப்பா கையில் இருந்ததைப் பார்த்தார். சின்னதுதான். கீழே வைத்துவிட்டுப் பெரியதை எடுத்தார்.

"ம். அதான்" என்றது டேப்.

அப்பா சிரித்தார். "வெளியே போயும் இவன் என்ன விடமாட்டான் பாரு." நான் சிரிக்கவில்லை. பாய்மரக் கம்பில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு குரல் மாறத் தொடங்கியது.

முந்தின நாள் நாலு தடவை ஓடியதில் பேட்டரி கட்டை தீர்ந்துபோயிருக்கிறது. எங்களுக்கு அது தோன்றவில்லை. மாமாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. சம்மட்டிச் சத்தம் இடி மாதிரி இழுத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வேறு யாரோ, ரொம்ப வயதான, ரொம்பப் பெரிய ஒருவன் மாமாவின் வார்த்தைகளை எடுத்துப் பேசினான். அப்பா டேப்பைத் தட்டினார். அது இன்னும் ஆழத்துக்குப் போனது.

"உள்...ளே" என்றது. "வெளி...யே." நடுவில் ஏதோ நீளமாகச் சொன்னது. வீடு என்று ஒரு சொல் கேட்டது. மற்றது புரியவில்லை.

அப்பா தட்டைத் திருப்பிப் பார்த்தார். "இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கு. படி." தட்டில் ஓஸ் மாட்டியிருந்த ரெண்டு இடத்திலும் எழுத்து இருந்தது. தலையிலும் ரெண்டு ஓட்டைக்குப் பக்கத்தில் அதே எழுத்து இருந்தது. நான் ஆறாவது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இன்னுன்னா உள்ளே. அவுட்டுன்னா வெளியே."

"அவ்வளவுதான? உள்ளேக்கு உள்ளே, வெளியேக்கு வெளியே. இதுக்கா இவ்ளோ பேச்சு."

உள்ளே என்று போட்ட ஓஸின் நுனியில் அப்பா ஒரு கயிறு கட்டி அடையாளம் வைத்தார். தட்டை என்னிடம் கொடுத்தார்.

நான் குப்புறப் படுத்தேன். தட்டை விரலால் பிடித்துச் சந்தில் இறக்கினேன். புரி பிடித்தது. திருகினேன். முழுசாக உட்காரவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தட்டு டப்பாவைவிட அகலம். பக்கத்தில் தொங்கிய அந்தச் சனியன் நடுவில் மாட்டிக்கொண்டது.

டேப் அந்த நேரத்தில் பேசியது. "தட்...டு... உக்...கா...ர...ல..." பிறகு ஒரு முனகல். "ஆ......க்......கா......"

மனுஷக் குரல் இல்லை அது. மேலே இருந்த காக்கா பறந்துவிட்டது. டேப் ஒரு தடவை முக்கிவிட்டு நின்றது.

"கட்டை போச்சு" என்றார் அப்பா. "என்னாச்சு? உக்காரலையா?"

"ஒரு துணி மாதிரி இருக்குப்பா. தடுக்குது."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி ஞாபகம். "எடுத்துரு" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

தட்டைத் தளர்த்திவிட்டு அதைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. குழாயைச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தது. நகத்தால் நெண்டி நெண்டி அவிழ்த்தேன். கையை வெளியே எடுத்தபோது அது என் விரலில் சுற்றியிருந்தது. கறுப்பாக, ஆயில் சொட்டிக்கொண்டு, ஏழு முடிச்சோடு ஒரு துணிக்கிழிசல். நாலு வருஷமாகத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். அப்பா கையை நீட்டுவதற்குள் நான் அதை ஆற்றில் வீசிவிட்டேன்.

அது முழுகவில்லை. ஆயில் ஊறியிருந்ததால் மிதந்தது. சுற்றிலும் வானவில் மாதிரி ஆயில் படர்ந்தது. முகத்துவாரம் கிழக்கே இருந்தது. எது விழுந்தாலும் கடலுக்குத்தான் போகும். அது போகவில்லை. படகை ஒட்டியே கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல மேற்கே திரும்பியது. ஓதம் ஏறுகிற நேரம், தண்ணீர் உள்நோக்கிப் போகும், அது இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எங்கள் வீட்டுப் பக்கம் போகிறது என்பதுதான்.

அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டு இப்போது நன்றாக உட்கார்ந்தது. ஓஸ் ரெண்டையும் மேலே இழுத்து உள்ளேக்கு உள்ளே, வெளியேக்கு வெளியே மாட்டினோம். புது டப்பாவைத் தலையில் திருகினோம். அப்பா எஞ்சினைக் கிளப்பினார். எப்போதும் போல ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். "பாத்தியா, ஆயில் கொஞ்சம்கூட கொறையல" என்று திரும்பக் கிளப்பினார்.

நான் டப்பாவின் மேல் கை வைத்தேன்.

சில்லென்று இருந்தது.

எஞ்சின் மேல்தட்டில் கை வைக்க முடியாத சூடு. டப்பா மட்டும் செத்த மீன் மாதிரி இருந்தது. நாலு வருஷமாக எனக்குத் தெரிந்த சூடு அதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். வரவில்லை.

ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் தொட்டதால். தீட்டோடு ஏறினேன். தீட்டோடு கை விட்டேன். அங்கே காவல் இருந்ததையும் பிடுங்கி எறிந்தேன். எஞ்சின் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது. நாளை விடிகாலை அப்பா இதை நம்பி உள்ளே போவார். வாடைக் காற்று. இறுகி நிற்கும். சொல்லாவிட்டால் அப்பா இல்லை. சொன்னால் என் காரியம் தெரியும், படகை நிறுத்திவிடுவார்கள். அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். பீடி பற்றவைத்துவிட்டார்.

"அப்பா, நிறுத்துங்க."

"ஏன்?"

"இதுல உசுரு இல்ல. சில்லுன்னு இருக்கு. என்னாலதான்."

"என்ன ஒன்னால?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெண் அப்பாவிடம் சொல்லக்கூடாததைக் கத்திச் சொன்னேன்.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். திடீரென்று எல்லாம் அமைதி. பலகையில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா பீடியைத் தண்ணீரில் போட்டார். டப்பாவின் மேல் கையை வைத்துப் பார்த்தார். நான் சொன்னது சரி என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"தீட்டு எஞ்சின ஒண்ணும் செய்யாது" என்றார். "எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஊரே செய்யும் என்கிறது. இவர் மட்டும் பார்த்தவர் மாதிரிச் சொல்கிறார்.

அவர் உட்கார்ந்து ரெண்டு ஓஸையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசைந்தது. டேப் சொன்னதைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறார். உள்ளே. வெளியே. வீடு. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒரு வீட்டுக்கு வெளியே போறதுதான இன்னொரு வீட்டுக்கு உள்ளே வர்றது. பொண்ணு குடுக்கற மாதிரி. அவன் அதத்தான் சொல்லிருக்கான், மடையன் நான்." எஞ்சினை விட்டு வெளியே வரும் ஆயில், டப்பாவுக்கு உள்ளே போக வேண்டும்; தலைகீழாக வந்தால் டப்பா விடாது. நாங்கள் உள்ளேயையும் உள்ளேயையும் சேர்த்து ரெண்டு வாசலையும் அடைத்து வைத்திருந்தோம். ஆயில் டப்பாவுக்குள் போகவே இல்லை. அதனால்தான் குறையவும் இல்லை. எஞ்சின் கேட்கக் கேட்க எதுவும் கிடைக்காமல் ஓடியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஓஸை மாற்றி மாட்டினார். கிளப்பினார். நான் டப்பாவில் கை வைத்தேன். முதலில் இல்லை. பிறகு அடியிலிருந்து மெல்ல ஏறியது. மாட்டு வயிற்றுச் சூடு.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப ஒன்னால இல்ல." ஆயில் கம்பியைப் பார்த்தார். குறைந்திருந்தது. இன்னும் ஊற்றினார். கரையில் இறக்கிவிடும்போது, "நான் நாளைக்குக் கிளம்பினப்புறம் அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

அப்படியே செய்தேன். அம்மா அழவும் இல்லை, குலவை போடவும் இல்லை. என்னைக் கீற்று மறைப்புக்குள் உட்கார வைத்தாள். நேற்றே வந்துவிட்டது என்று நான் சொன்னதும் மறைப்பின் கீற்றை இழுத்துவிட்டாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அந்தச் சந்துல கை விட்டப்ப ஏதாச்சும் கையில பட்டுச்சா?"

வீட்டுப் பக்கம் மிதந்து வந்தது வந்து சேர்ந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிட்டது என்று நினைத்தேன்.

"இல்லம்மா."

"சரி" என்றாள்.

தாய்மாமன் இல்லாமலே சடங்கு நடந்தது. வளையல்காரர் வந்து என் கையை அமுக்கிப் பார்த்து, "அளவு எடுக்க வேணாம், அம்மா கையும் பொண்ணு கையும் ஒரே அச்சு" என்று வளையலைப் போட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனாள். பழைய புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்தாள். சாமிக்கு முன்னால் உட்கார்ந்து அதில் முடிச்சுப் போட்டாள். நான் எண்ணினேன். ஏழு. போட்டுவிட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது ஏதோ முணுமுணுத்தாள். என்னைப் பிடித்தது விலகத்தான் அம்மா அப்படிச் செய்கிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஏழு என்று அம்மாவிடம் யார் சொன்னார்கள் என்று யோசித்து யோசித்துப் பல நாள் தூங்கவில்லை.

அப்பா நல்லபடியாகத் தொழில் செய்தார். பில்டரை அவரே மாற்றினார். பக்கத்து வீட்டு டேப்பில் அன்றைக்கு ஆயில் இறங்கிவிட்டது. அது பிறகு பாடவில்லை. கேசட்டை அம்மா பெட்டியில் போட்டுவிட்டாள். நான் எட்டாவதோடு நின்றேன். கல்யாணம் ஆகி இன்னொரு வீட்டுக்கு உள்ளே போனேன்.

பல வருஷம் கழித்து அம்மா வீட்டை மாற்றும்போது அவள் பெட்டியில் அந்தக் கேசட் கிடைத்தது. என் மகன் எங்கிருந்தோ ஒரு டேப் வாங்கி வந்து போட்டான். மாமாவின் குரல், அத்தனை சின்னப் பையனாக இருந்தது. சம்மட்டிச் சத்தம் சாதாரணமாகக் கேட்டது. சின்ன ஸ்பேனர், பெரிய ஸ்பேனர். ஒரு வீட்டுக்கு வெளியே, இன்னொரு வீட்டுக்கு உள்ளே. பிறகு நான் பயந்த இடம் வந்தது.

"தட்டு உக்காரலன்னா பாப்பாவத் தடவிப் பாக்கச் சொல்லுங்க மச்சான். ஒரு துணி இருக்கும். அக்கா கட்டுனது. ஒவ்வொரு தடவ பில்டர் மாத்தறப்பயும் போட்ல ஏறுன தப்புக்கு ஒரு முடிச்சுன்னு சாமிக்கு முடிஞ்சு வெச்சிருக்கு. அத அவுத்து அக்காகிட்டயே குடுத்துருங்க, அது கோயில்ல தீத்துக்கும். ஊர்ல இன்னும் என் கைன்னுதான் நெனச்சிட்டிருக்கானுவ. என் கை எங்க அதுல போச்சு."

அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டிருக்கும். திரும்பவில்லை. கையில் வளையல் ஏறி இறங்கியது.

ஏழு தடவை அம்மா அந்தப் படகில் குப்புறப் படுத்திருக்கிறாள். எனக்கு எட்டு வயதாகி, மாமா வெளியே போய், ஊருக்குச் சொல்ல அவர் கை இல்லாமல் போகிற வரைக்கும். அப்பாவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். அந்த இடத்தில் என் கைக்கு முன்னால் இருந்த கை அது.

அன்றைக்கு அது ஆற்றில் திரும்பி வீட்டுப் பக்கம் போனதைப் பார்த்து நான் நடுங்கினேன். போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.